ரப்பர் பால் வெட்டு நிற்கும் ஏழு ஆண்டுகள்: விளவங்கோட்டுக் குடும்பம் ஒன்றின் டிரஸ்ட்

கன்னியாகுமரி மாவட்டம் விளவங்கோடு தாலுகாவின் மலையோர ஊர் ஒன்றில் ஓய்வுபெற்ற ஆசிரியத் தம்பதி. ஊருக்கு அவர்கள் சார், டீச்சர். இங்கேயும் அப்படியே இருக்கட்டும். அடையாளம் தரும் விவரங்களை விட்டுவிட்டேன். அவர்களுக்கு மூன்று பிள்ளைகள். மூத்த மகள் குவைத்தில் நர்ஸ். நடு மகன் நாகர்கோவிலில் ஹார்டுவேர் கடை வைத்திருக்கிறார். இளையவருக்கு 36 வயது, பிறவியிலேயே அறிவுசார் குறைபாடு, வலிப்பும் உண்டு.

சொத்து என்று பார்த்தால், சாருக்கு அப்பா வழியில் வந்த ரப்பர் விளை (தோட்டம்) 3 ஏக்கர் 20 சென்ட், குடியிருக்கும் வீடு, மார்த்தாண்டத்தில் வாடகைக்கு விட்ட இரண்டு கடைகள், வங்கியில் கொஞ்சம் டெபாசிட். இவற்றோடு இருவருக்கும் பென்ஷன்.

சார் என்னிடம் யோசனை கேட்க வரும்போதே முடிவெடுத்துவிட்டுத்தான் வந்தார். விளையையும் வீட்டையும் நடு மகன் பெயருக்குச் செட்டில்மெண்ட் (தானப் பத்திரம்) எழுதிவிடுவது. 'தம்பியை ஆயுள் முழுவதும் சம்ரட்சிக்க (பராமரிக்க) வேண்டும்' என்று பத்திரத்தில் ஒரு வரி சேர்ப்பது. மகளுக்கு விளையின் ஒரு ஓரத்தில் 40 சென்ட். நம் பக்கத்தில் இப்படி ஒரு பிள்ளை இருக்கும் வீடுகளில் பத்துக்கு எட்டுப் பேர் இப்படித்தான் யோசிப்பார்கள். அதில் அன்பு இருக்கிறது. ஓட்டையும் இருக்கிறது.

செட்டில்மெண்ட் ஏன் நிற்காது

செட்டில்மெண்ட் பதிவானதும் சொத்து நடு மகனுடையது. அவர் நல்லவர்தான், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் அவருக்குக் கடை இருக்கிறது, கடைக்குக் கடன் இருக்கிறது. கடன் கொடுத்தவர் ஜப்திக்கு வந்தால், விளை தம்பியின் சாப்பாட்டுக்கானது என்பது அவருக்கு ஒரு பொருட்டல்ல. தம்பிக்கு முன்னால் அண்ணன் இறந்துவிட்டால் விளை அவருடைய மனைவிக்கும் பிள்ளைகளுக்கும் போகும், தம்பிக்குப் போகாது. 'சம்ரட்சிக்க வேண்டும்' என்ற வரியை வைத்து வழக்குப் போடலாமே என்றால், போட வேண்டியவர் யார்? மாதம் எத்தனை நாள் என்று கேட்டால் சிரிக்கிற மனிதர்.

2007-ஆம் ஆண்டின் மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டத்தில் 23-ஆவது பிரிவு இருக்கிறதே, பார்த்துக்கொள்ளாவிட்டால் பத்திரத்தை ரத்து செய்யலாமே என்று டீச்சர் கேட்டார். நல்ல கேள்வி. அந்தப் பிரிவு எழுதிக் கொடுத்த முதியவரைக் காப்பாற்றுவதற்கானது. சாரும் டீச்சரும் போன பிறகு இளையவர் அதைக் கையில் எடுக்க முடியாது.

மகளுக்கு 40 சென்ட் என்பதில் வேறு ஒரு முடிச்சு. வெளிநாட்டில் வசிக்கும் இந்தியர், விவசாய நிலத்தையோ தோட்ட நிலத்தையோ விலைக்கு வாங்கவும் முடியாது, தானமாகப் பெறவும் முடியாது. அந்நியச் செலாவணி விதிகள் அதற்கு இடம் தருவதில்லை. வாரிசாக அடைவதற்கு மட்டும் தடையில்லை. ரப்பர் விளை தோட்ட நிலம். அதனால் அதே 40 சென்டைச் செட்டில்மெண்ட்டாகக் கொடுத்தால் தப்பு, உயிலில் எழுதினால் சரி. வளைகுடாவுக்குப் பிள்ளைகளை அனுப்பிய குடும்பங்கள் நிறைந்த இந்த மாவட்டத்தில் இதைப் பத்திரம் எழுதும் இடத்தில்கூடப் பெரும்பாலும் யாரும் கேட்பதில்லை.

ஒன்றுமே எழுதாமல் விட்டால்? இவர்கள் கிறிஸ்தவர்கள். 1925-ஆம் ஆண்டின் இந்திய வாரிசுரிமைச் சட்டப்படி மனைவிக்கு மூன்றில் ஒன்று, மீதி மூன்று பிள்ளைகளுக்கும் சமம், அதாவது ஆளுக்கு ஒன்பதில் இரண்டு. இளையவரின் ஒன்பதில் இரண்டு பங்குக்கு அவரால் கையெழுத்துப் போட முடியாது. அதனால் விளை முழுவதுமே விற்கவும் முடியாமல் பிரிக்கவும் முடியாமல் கிடக்கும்.

அத்தைமாரின் கையெழுத்து

நான் நினைத்தது டிரஸ்ட்: ஒருவரின் நன்மைக்காகச் சொத்தை டிரஸ்டி என்ற பொறுப்பாளரிடம் ஒப்படைக்கும் ஏற்பாடு. அந்தப் பேச்சுக்கு வருவதற்கு முன்பே ஆதாரங்களைக் கேட்டேன். பிளாஸ்டிக் உறைக்குள் மடிப்பு விட்டுப்போன பழைய பத்திரம் வந்தது. மலையாளத்தில் எழுதியது, தேதி கொல்லம் ஆண்டில், அதாவது மலையாள ஆண்டுக் கணக்கில். 1956 நவம்பர் 1 வரை இது திருவிதாங்கூர், பிறகு திருவிதாங்கூர்-கொச்சி மண்ணாக இருந்தது என்பதால், கல்குளம், விளவங்கோடு பக்கம் இது வாடிக்கைதான். வாசிக்க ஆள் தேடினோம். சாரின் அப்பா வாங்கிய நிலம், எல்லைகள் சரி, வில்லங்கமும் இல்லை. பட்டா சார் பெயரில்.

பட்டா சார் பெயருக்கு எப்படி வந்தது என்பதுதான் கேள்வி. அப்பா 1979-ல் உயில் எழுதாமல் இறந்தார். அம்மா அதற்கு முன்பே போய்விட்டார். சாருக்கு ஒரு அக்காள், ஒரு தங்கை. 'அவங்களுக்கு ஸ்ரீதனம் கொடுத்தாச்சே' என்றார் சார், அதோடு பேச்சு முடிந்துவிட்ட மாதிரி.

ஒரு காலத்தில் அதோடு முடிந்துவிடும்தான். 1916-ஆம் ஆண்டின் திருவிதாங்கூர் கிறிஸ்தவ வாரிசுச் சட்டப்படி மகளுக்கு, மகனின் பங்கில் நாலில் ஒன்று அல்லது 5000 ரூபாய், எது குறைவோ அது. ஸ்ரீதனம் வாங்கியிருந்தால் அதுவும் கிடையாது. அப்பா சொத்தில் சம பங்கு கேட்டு மேரி ராய் தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் 1986 பிப்ரவரியில் சொன்னது என்னவென்றால், 1951 ஏப்ரல் 1 முதலே அந்தச் சட்டம் உயிரோடு இல்லை. அன்றிலிருந்து இந்திய வாரிசுரிமைச் சட்டம்தான். மேரி ராயை எல்லோரும் கேரளத்துக் கதையாகவே பேசுகிறோம். ஆனால் அந்த நாளில் இந்த மண்ணும் அதே மாநிலத்தில்தானே இருந்தது?

ஆக, 1979-ல் நடந்த மரணத்துக்கு மூன்று பிள்ளைகளும் சம பங்காளிகள். சார் நாற்பது ஆண்டுகளுக்கு மேல் உரம் போட்டு வளர்த்த விளையில் மூன்றில் இரண்டு பங்கு சட்டப்படி அவருடையது அல்ல. பட்டா பெயர் மாறினால் உரிமை மாறிவிடாது. இவ்வளவு காலம் அனுபவித்தேனே என்றாலும், கூட்டுப் பங்காளிக்கு எதிராக அனுபோக உரிமை கேட்பது லேசான காரியம் இல்லை. தன்னுடையதே முழுதாக அல்லாத நிலத்தை டிரஸ்ட்டில் வைத்தால், முதல் சண்டையிலேயே இளையவரின் பாதுகாப்பு போய்விடும்.

இதைச் சாரிடம் சொல்வது கஷ்டமாக இருந்தது. இரண்டு மாதம் அவர் வரவில்லை. அப்புறம் டீச்சர்தான் பேசி அழைத்து வந்தார்.

அக்காளுக்கு 81 வயது. நடு மகனைப் பார்த்து அவர் சொன்னது இது: "மக்களே, அன்னைக்கு அப்பா எனக்குத் தந்தது பதினோரு பவுன். விளை எனக்கு வேண்டாம். ஆனா அந்தப் பிள்ளைக்குண்ணு எழுதுறியளா, இல்ல உனக்குண்ணு எழுதுறியளா? எழுதுனத எனக்கு வாசிச்சுக் காட்டணும்." வாசித்துக் காட்டினோம். பங்கை விட்டுக்கொடுக்கும் விடுதலைப் பத்திரத்தில் மலையாளத்தில் கையெழுத்துப் போட்டார்.

தங்கை இறந்துவிட்டார். அவருடைய நான்கு பிள்ளைகளில் மூவர் வந்து கையெழுத்திட்டார்கள். நான்காமவர் பணம் கேட்டார். சாருக்குக் கோபம். கேட்பது அவருடைய உரிமை, கொடுங்கள் என்றுதான் நான் சொன்னேன். இப்போதும் அதையே சொல்வேன். உடன்பிறந்தவர்களுக்குள் எழுதும் விடுதலைப் பத்திரத்துக்கு முத்திரைத் தீர்வை சந்தை மதிப்பில் 1 சதவீதம். 2023 ஜூலை முதல் அதிகபட்சம் 40,000 ரூபாய், பதிவுக் கட்டணம் அதிகபட்சம் 10,000. இந்த ஒரு படிக்கே எட்டு மாதம் போயிற்று.

யார் கணக்குக் கேட்பது

1882-ஆம் ஆண்டின் இந்திய நம்பிக்கைப் பொறுப்புச் சட்டப்படி அசையாச் சொத்துக்கு டிரஸ்ட் வைக்க இரண்டு வழி: கையெழுத்திட்டுப் பதிவு செய்த பத்திரம், இல்லையென்றால் உயில். நாங்கள் இரண்டையும் கலந்தோம். சார் இருக்கும்போதே 12 லட்சம் ரூபாய் டெபாசிட்டோடு ஒரு டிரஸ்ட்டைப் பதிவு செய்தோம். பயனாளி இளையவர் ஒருவர் மட்டும். மகளுக்கு 40 சென்ட் போக மீதி விளையும் இரண்டு கடைகளும் சாரின் காலத்துக்குப் பிறகு அந்த டிரஸ்ட்டுக்குப் போகும்படி உயில். உயிலுக்கு முத்திரைத் தீர்வை கிடையாது. சார் மனம் மாறினால் மாற்றியும் எழுதலாம்.

பயனாளி ஒருவர், அவருடைய பங்கு தெளிவு என்பதால், வருமான வரியும் அவருடைய கணக்கில் வருகிற மாதிரிதான் விதிக்கப்படும். யாருக்கு எவ்வளவு என்பதை டிரஸ்டியின் இஷ்டத்துக்கு விட்டிருந்தால் உச்ச விகிதத்தில் வரி விழுந்திருக்கும்.

டிரஸ்டிகள் இரண்டு பேர்: நடு மகன், டீச்சரின் தம்பி. தம்பி வங்கியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், கணக்கில் கறார். மகளையும் சேர்க்க வேண்டும் என்று சார் சொன்னார். டிரஸ்டி தன் வேலையை இன்னொருவர் தலையில் கட்ட முடியாது என்பது சட்டத்தின் பொது விதி. இருப்பவர்கள் எல்லோரும் சேர்ந்துதான் முடிவெடுக்க வேண்டும். ஷீட் (உலர்த்திய ரப்பர் தகடு) விற்க ஒவ்வொரு தடவையும் குவைத்திலிருந்து சம்மதம் வாங்குவது நடக்காது.

மகளுக்கு இதைவிடப் பெரிய வேலை ஒன்று காத்திருந்தது. டிரஸ்டி கணக்கு வைக்க வேண்டும், பயனாளி கேட்டால் காட்ட வேண்டும் என்று 19-ஆவது பிரிவு சொல்கிறது. அருமையான பிரிவு. ஆனால் இங்கே பயனாளி கேட்க மாட்டார். கேட்கத் தெரிந்த பயனாளியை மனதில் வைத்து எழுதிய சட்டம் அது. எனவே மகளைக் 'கண்காணிப்பாளர்' என்று பத்திரத்தில் பெயர் சொல்லிப் போட்டோம். ஒவ்வொரு ஜூன் 30-க்குள் முந்தைய நிதியாண்டின் கணக்கும் பாஸ்புக் நகலும் அவருக்குப் போக வேண்டும். போகாவிட்டால் புது டிரஸ்டியை நியமிக்கும் அதிகாரம் அவர் கையில். இந்த மொத்தப் பத்திரத்திலும் எனக்குப் பிடித்த ஷரத்து இதுதான். மற்றவை எல்லாம் எந்த வக்கீலும் எழுதுவது.

இன்னொன்றையும் வெளிப்படையாகப் பேச வேண்டியிருந்தது. இளையவர் காலத்துக்குப் பிறகு மிச்சம் யாருக்கு? அக்காள், அண்ணன் பிள்ளைகளுக்குச் சமமாக என்று சார் சொன்னார். அப்படியென்றால் இளையவருக்குச் செலவழிக்காமல் விடும் ஒவ்வொரு ரூபாயும் கடைசியில் டிரஸ்டியின் பிள்ளைகளுக்கு வரும். நடு மகன் முகம் சிவந்தது. "என்னச் சொல்லுறியளா?" என்றார். அவரைச் சொல்லவில்லை, அவருக்குப் பின் வருபவரைச் சொல்கிறேன் என்றேன். அதனால் 'டிரஸ்டிக்குத் தோன்றும் அளவு' என்ற வழக்கமான வாசகத்தை எடுத்துவிட்டு, கீழ்வரம்பு ஒன்று வைத்தோம்: மாதம் 22,000 ரூபாய்க்குக் குறையாமல் செலவழித்தே ஆக வேண்டும், ஆண்டுக்கு 6 சதவீதம் கூட்ட வேண்டும். பகல் நேரத்துக்கு வரும் அம்மாவின் சம்பளம், சாப்பாடு, மாத்திரை எல்லாம் அதற்குள் அடக்கம்.

மரத்தின் கணக்கு

ரப்பர் தெரியாதவர்களுக்கு ஒரு வார்த்தை. கன்று நட்டு ஏழாவது வருடம் வாக்கில்தான் பால் எடுக்கக் கத்தி வைக்க முடியும். அப்புறம் இருபது, இருபத்தைந்து வருடம் பால். கடைசியில் மரத்தைத் தடிக்கு (கட்டைக்கு) விற்றுவிட்டு மறுபடி நடவு, மறுபடி ஏழு வருடக் காத்திருப்பு. விலையும் ஒரு நிலையில் நிற்காது. 2011-ல் கிலோ 200 ரூபாய்க்கு மேல் போன ஷீட், 2016 தொடக்கத்தில் 100-க்குக் கீழே கிடந்தது.

சாரின் விளையில் ஐந்நூற்றுச் சொச்சம் மரங்கள், 2002-ல் நட்டவை. 2030 வாக்கில் தடிக்கு வெட்ட வேண்டி வரும். அப்போது இளையவருக்கு நாற்பது தாண்டியிருக்கும். கையில் கால்குலேட்டரோடு உட்கார்ந்தோம். 2024-ல் 22,000 ரூபாய் என்றால் 2030-ல் 31,000-ஐத் தாண்டும், 2037-ல் கிட்டத்தட்ட 47,000. கடை வாடகை அதே 2024-ல் 16,000. ஆண்டுக்கு 5 சதவீதம் ஏறினால் 2030-ல் 21,400, 2037-ல் 30,000. டெபாசிட் வட்டி மாதம் 7,000 என்று வைத்துக்கொண்டால், பால் இல்லாத காலத்தின் தொடக்கத்தில் மாதம் 3,000 ரூபாய்க்குக் கொஞ்சம் குறைவாகத் துண்டு விழுகிறது, முடிவில் 10,000 அளவுக்கு. ஏழு வருடத்துக்குக் கூட்டினால் ஐந்து லட்சத்தை ஒட்டி. நடவுச் செலவு தனி.

இது பெரிய தொகை இல்லை. ஆனால் மரம் வெட்டும் நாளில் தடிக் காசு மொத்தமாகக் கைக்கு வரும். அன்றைக்குத்தான் குடும்பத்தில் எல்லோருக்கும் அவசரத் தேவைகள் முளைக்கும். அதனால் தடி விற்ற பணம் முழுவதும் 'மறுநடவு நிதி' என்ற தனி டெபாசிட்டுக்குப் போக வேண்டும், கன்று பால் தரும் வரை நடவுக்கும் மாதச் செலவின் துண்டுக்கும் மட்டுமே அதைத் தொடலாம் என்று எழுதினோம். முதல் மூன்று வருடம் இடையில் வாழையோ அன்னாசியோ போடக் குத்தகைக்கு விடலாம்.

பால் வெட்டுக்கு விடும் பாட்டத்தையும் (குத்தகையையும்) கட்டுப்படுத்தினோம். நீதிமன்ற அனுமதியில்லாமல் 21 ஆண்டுக்கு மேல் குத்தகைக்கு விடக் கூடாது என்கிறது டிரஸ்ட் சட்டம். ரப்பருக்கு 21 ஆண்டு என்பது ஒரு மரத்தின் ஆயுளே. பாட்டத்துக்கு எடுப்பவர் ஒன்றுவிட்ட நாள் வெட்ட வேண்டிய மரத்தைத் தினமும் வெட்டினால் இரண்டே வருடத்தில் பட்டை மரத்துப் போகும். எனவே ஒரு தடவைக்கு ஒரு வருடம் மட்டும், வெட்டு ஒன்றுவிட்ட நாள், மழைக் காலத்தில் வெட்டுப் பட்டை நனையாமல் காக்கும் பிளாஸ்டிக் பாவாடையை மரத்தில் கட்டாமல் வெட்டக் கூடாது. டிரஸ்ட் பத்திரத்தில் மழைப் பாவாடையா என்று பதிவு அலுவலகத்தில் சிரித்தார்கள். சிரிக்கட்டும்.

உயிலும் கார்டியனும்

வீட்டில் டீச்சருக்கு ஆயுள்கால உரிமை, அவருக்குப் பின் நடு மகனுக்கு. இந்த உயில் கிட்டத்தட்ட பழுதாகப் போயிருக்கும். ஏற்கெனவே ஓர் எழுத்தரிடம் எழுதி வைத்திருந்த வரைவில் சாட்சியாக நடு மகனின் மனைவி பெயர் இருந்தது. கிறிஸ்தவர் உயிலில் சாட்சிக் கையெழுத்துப் போட்டவருக்கோ அவருடைய கணவன் அல்லது மனைவிக்கோ எழுதிய சொத்து செல்லாது. உயில் நிற்கும், அந்தப் பங்கு மட்டும் விழும். இந்துக்களின் உயிலுக்கு இந்த விதி பொருந்தாது. இரண்டும் கலந்து வாழும் ஊரில் யாரோ பக்கத்தில் நின்றவரைக் கூப்பிட்டுக் கையெழுத்து வாங்குவதால் வரும் வினை இது. கடைசியில் சபையிலிருந்து இரண்டு பேர், இருவரும் சாரைவிட இருபது வயது இளையவர்கள். நாளைக்குச் சாட்சி சொல்ல ஒருவராவது உயிரோடு இருக்க வேண்டுமே.

கார்டியன் விஷயம் தனி. பதினெட்டு வயது தாண்டிய மகனுக்கு அம்மா அப்பா தாமாகவே சட்டப்பூர்வப் பாதுகாவலர் ஆகிவிட மாட்டார்கள். 1999-ஆம் ஆண்டின் தேசிய அறக்கட்டளைச் சட்டத்தின் கீழ், மாவட்ட ஆட்சியர் தலைமையிலான உள்ளூர் குழுவுக்கு விண்ணப்பித்து ஆணை வாங்க வேண்டும். ஆட்டிசம், மூளை முடக்குவாதம், அறிவுசார் குறைபாடு, பல்வகை ஊனம் உள்ளவர்களுக்கு இந்த வழி. டீச்சர் கார்டியன் ஆனார். கார்டியன் ஆறு மாதத்துக்குள் சொத்துப் பட்டியல் தர வேண்டும், ஒவ்வொரு நிதியாண்டும் முடிந்து மூன்று மாதத்துக்குள் கணக்கும் தர வேண்டும். டீச்சருக்குப் பின் அவருடைய தங்கை மகள் என்று விருப்பம் எழுதி வைத்திருக்கிறார், குழுதான் நியமிக்கும். டிரஸ்டி ஒருவரையே கார்டியனாகவும் போட்டுவிடலாம், வேலை மிச்சம் என்று யோசனை வந்தது. பணம் கொடுப்பவரும் அதை வாங்கிச் செலவழிப்பவரும் ஒருவரே என்றால் கணக்கு எதற்கு? வேண்டாம் என்றேன்.

டெபாசிட்டுகளில் இளையவரை நாமினியாகப் போட்டிருந்தார்கள். பணத்தைப் பெற்றுக்கொள்ளக் கையெழுத்திட முடியாதவரை நாமினியாக்கி என்ன பயன்? மாற்றினோம். பெற்றோருக்குப் பின் குடும்ப ஓய்வூதியம் இளையவருக்கு ஆயுள் முழுவதும் கிடைக்கும்; அதற்கு மருத்துவச் சான்றோடு அவருடைய பெயரை இப்போதே பென்ஷன் கோப்பில் ஏற்றச் சொன்னோம்.

சார் போன பிறகு

உயில் பதிவாகி ஒரு வருடத்துக்குள் சார் காலமானார். இந்தியக் கிறிஸ்தவர் உயிலுக்கு 2002 திருத்தத்துக்குப் பிறகு புரொபேட் (உயில் மெய்யென்று நீதிமன்றம் தரும் சான்று) கட்டாயமில்லை என்பதால் நீதிமன்றம் போகவில்லை. பட்டா மாறுதல், கடை வாடகை ஒப்பந்தம் இரண்டும் டிரஸ்டிகள் பெயருக்கு வந்தன.

முதல் கணக்கு குவைத்துக்குப் போனது. மறுநாளே மகளிடமிருந்து வாய்ஸ் மெசேஜ்: ஷீட் வித்த பில் இருக்கு, ஒட்டுப்பால் வித்த காசு எங்க? நடு மகனுக்குச் சுருக்கென்றது. விசாரித்தால், வெட்டு நாளில் சிரட்டையில் உறைந்து கிடக்கும் ஒட்டுப்பாலை உரித்துச் சாக்கில் சேர்ப்பது இளையவரின் வேலை. அப்பா இருந்த காலத்திலிருந்தே அப்படி. வெட்டுகாரரோடு கடைக்குப் போய் அதை அவரே விற்று, பரோட்டாவும் பழம்பொரியும் வாங்குகிறார், மிச்சத்தை டீச்சரிடம் கொடுத்துவிடுகிறார். மாதம் அதிகம் போனால் இரண்டாயிரம் ரூபாய். பத்திரத்தில் இதற்கு இடமில்லை. டிரஸ்டிகள் கூடித் தீர்மானப் புத்தகத்தில் எழுதினார்கள்: ஒட்டுப்பால் காசு பயனாளியின் கைச்செலவு, கீழ்வரம்பில் சேராது, அதற்குக் கணக்குக் கேட்கப்படாது. மகளும் ஒப்புக்கொண்டார்.

டீச்சரின் தம்பிக்கு இப்போது 66 வயது. அவருக்கு அடுத்த டிரஸ்டி என்று பத்திரத்தில் எழுதிய உறவுக்காரர் போன வருடம் குடும்பத்தோடு ஆஸ்திரேலியா போய்விட்டார். வேறு ஆள் பார்க்க வேண்டும், டீச்சர் நடமாட்டமாக இருக்கும்போதே. இரண்டு பெயர்கள் பேச்சில் இருக்கின்றன. ஒருவர் கணக்கில் கெட்டி, ஆனால் இளையவரோடு பழக்கமில்லை. இன்னொருவர் நேர் எதிர். மகள் டிசம்பரில் லீவுக்கு வந்ததும் முடிவு செய்வதாக இருக்கிறார்கள்.